கொள்கை கட்சிக்கு, முன்னுரிமை உறுப்பினருக்கு

கேள்வி

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் அட்டை வந்துவிட்டது. அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் திடீரென்று கேட்டாள்: "நீட் பத்தி நம்ம எம்.எல்.ஏ. என்னம்மா நினைக்கிறார்? மேகதாது, ஆத்து மணல், கோயில் நிலம்... இதிலெல்லாம் அவர் எந்தப் பக்கம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமாகத் தவறாமல் ஓட்டுப் போடுகிறேன். எந்த உறுப்பினர் எந்தக் கல்யாணத்துக்கு வந்தார், யார் வீட்டுத் துக்கத்துக்கு வந்து நின்றார், எந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். சட்டமன்றத்துக்குள் போய் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, "இங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயரோடு பட்டியல் கிடைக்கும் அக்கா" என்கிறான். நம் ஊரில் அப்படி உண்டா? எங்கள் தெருவில், வீடு நிற்கும் மண் கோயிலுடையது என்கிற அடிமனைப் பிரச்சினையால் வீட்டை விற்கவும் முடியாமல், பிள்ளைகள் பேருக்கு எழுதி வைக்கவும் முடியாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவும் கேட்கிறேன். சட்டமன்ற உறுப்பினருக்கு என்று சொந்த நிலைப்பாடு ஒன்று இருக்கிறதா, அல்லது எல்லாமே கட்சி சொல்வதுதானா?

ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் முதல் ஓட்டைப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டிருக்கிறாள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பலர் கடைசி ஓட்டு வரைக்கும் கேட்பதில்லை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீட், மேகதாது போன்ற பெரிய விஷயங்களில் உங்கள் உறுப்பினரின் நிலைப்பாடு அவருடைய கட்சியின் நிலைப்பாடுதான். அதற்குக் கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படித்தால் போதும். ஆனால் தொகுதியில் நூறு பிரச்சினை இருக்கும்போது எதை முதலில் கையில் எடுத்தார், எதைச் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டார், எதைத் தொடாமலே ஐந்து வருடத்தைக் கடத்தினார் என்பதற்கு அவர் மட்டுமே பொறுப்பு. கொள்கை கட்சிக்குச் சொந்தம். முன்னுரிமை உறுப்பினருக்குச் சொந்தம். சட்டமன்றம் கூடும் கோட்டையில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். இனி விவரமாகப் பார்ப்போம்.

வாக்கு யாருடையது?

உங்கள் தம்பி சொல்வது உண்மை. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் மசோதா மீதான இறுதி வாக்கு பெயர்வாரியாகப் பதிவாவது வழக்கம். அதை வைத்து ஒவ்வொரு உறுப்பினரின் நிலைப்பாட்டையும் வரிசைப்படுத்திவிடலாம். நம் பேரவையில் 234 பேர். மசோதாவை வாக்குக்கு விடும்போது பேரவைத் தலைவர், ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்பார். இரு பக்கமும் குரல் எழும். ஏற்போர் குரலே ஓங்கி இருந்தது என்று அவர் அறிவித்தால் மசோதா நிறைவேறிவிட்டது. அந்தக் குரல்களில் ஸ்ரீரங்கத்தின் குரல் எது என்று எந்த ஏட்டிலும் இருக்காது. தலைகளை எண்ணிக் கணக்கெடுக்கும் வாக்கெடுப்பு அபூர்வம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரியபோது அப்படி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11.

பெயரோடு பதிவானாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம் அது. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 15 நாளுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால், பதவி போகும். 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. பணத்துக்கும் பதவிக்கும் உறுப்பினர்கள் விலைபோவதை நிறுத்த அப்படியொரு பூட்டு தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பூட்டுக்குள் உறுப்பினரின் சொந்த வாக்கும் சேர்ந்து போய்விட்டது.

இதற்கு நல்ல உதாரணம், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்த திருத்த மசோதா. 2023 ஏப்ரல் 21 அன்று அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. பெல் ஆலையும் அதை நம்பிய சிறு பட்டறைகளும் நிறைந்த திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் இதைவிட முக்கியமான மசோதா இருந்திருக்க முடியுமா? ஆனாலும் திருச்சி மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளிலிருந்து போன ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் என்ன நினைத்தார்கள் என்று அறிய வழியில்லை. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதாவை நிறுத்தியது எதிர்த்து எழுந்த குரல். ஆதரித்து எழுந்த குரலில் தனித்தனி ஆட்களைப் பிரித்தெடுக்க முடியாது.

நீட்டும் அப்படித்தான். ஆளுநர் திருப்பி அனுப்பிய நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மீண்டும் நிறைவேற்றினார்கள். பா.ஜ.க. வெளிநடப்பு செய்தது, மற்ற எல்லாரும் ஒரே பக்கம். அடுத்த மாதம் 21-ஆம் தேதி மேகதாது அணைக்கு எதிரான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆக, உங்கள் மகள் கேட்ட முதல் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. கட்சி எந்தப் பக்கமோ உறுப்பினர் அந்தப் பக்கம்.

முக்கொம்பு சொன்ன பாடம்

இனி அந்த விடை ஏன் போதாது என்று சொல்கிறேன். இதற்கு ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பு வரை போக வேண்டும்.

காவிரியில் தண்ணீர் வேண்டும் என்பதில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2007-இல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2013 பிப்ரவரி 19 அன்று அது அரசிதழில் வெளிவந்தது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று அறுதியிட்டது என்று ஒவ்வொரு படியிலும் எல்லாக் கட்சியும் ஒரே கோரிக்கையை வைத்தன. அதே 2018 ஆகஸ்டில் தண்ணீர் வந்தது, கரைபுரண்டு வந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த கட்டுமானம் அது. சில நாளைக்கு முன்புதான் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் வெள்ளத்தில் சரிந்திருந்தன. பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

தண்ணீரைக் கேட்பது கட்சியின் கொள்கை. வருகிற தண்ணீரைத் தாங்கும் மதகு எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பேரவையில் எழுந்து கேட்பது உறுப்பினரின் முன்னுரிமை. கொள்கையில் ஒற்றுமை இருந்தும் மதகு உடைந்தது. ஆகவே காவிரி பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று எந்த வேட்பாளரிடமும் கேட்காதீர்கள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பேட்டைவாய்த்தலையில் பிரிந்து திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிக் கேளுங்கள். கொள்ளிடத்தில் எந்த இடத்தில் மணல் அள்ளலாம், எந்த இடத்தில் கூடாது என்று கேளுங்கள். 2003 முதல் ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்துகிறது. ஆகவே மணல் விஷயத்தில் கேள்வி கேட்க வேண்டிய இடமும் பேரவைதான்.

கொறடாவின் கட்டளை வாக்குக்குத்தான். கேள்விக்கு அது பொருந்தாது. அவைக்குள் பேசும் சுதந்திரத்தை அரசியல் சாசனத்தின் 194-ஆவது பிரிவு தருகிறது. மானியக் கோரிக்கை விவாதத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதைக் கட்சிதான் பங்கிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கிடைத்த ஐந்து நிமிடத்தில் தலைவரைப் புகழ்ந்தது போக மிச்சம் எத்தனை நிமிடம், அதில் தொகுதிக்கு எத்தனை, அதில் புதிதாகக் கேட்டது எது என்று எண்ணிப் பார்த்தால் ஆளின் தராதரம் தெரிந்துவிடும்.

ஸ்ரீரங்கம் கண்ட நான்கு இருக்கைகள்

வேறெந்தத் தொகுதியையும்விட ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பதினைந்து வருடத்துக்குள் உங்கள் உறுப்பினர் நான்கு விதமான இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்.

2006-இல் அ.தி.மு.க.வின் மு. பரஞ்சோதி வென்றார், ஆட்சி தி.மு.க.வுடையது. அது எதிர்க்கட்சி இருக்கை. அங்கே அமர்ந்தவரின் கருவிகள் கேள்வியும் வெட்டுத் தீர்மானமும் கவன ஈர்ப்பும். ஒரு துறையின் செலவில் ஒரு ரூபாயையோ நூறு ரூபாயையோ குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்து, அதைச் சாக்காக வைத்து அந்தத் துறையின் குறையைப் பதிவு செய்வதே வெட்டுத் தீர்மானம். அது தோற்றுப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எழுதிக் கொடுத்த வாசகம் ஏட்டில் நிற்கும்.

2011-இல் ஜெயலலிதா 41,848 வாக்கு வித்தியாசத்தில் வென்று முதலமைச்சர் ஆனார். முதலமைச்சரின் நிலைப்பாட்டைத் தேட வேண்டியதில்லை, அரசாணையாகவே வெளிவரும். நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பள்ளியும் சேதுராப்பட்டியில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் அமைந்தது அவர் உங்கள் உறுப்பினராக இருந்த காலத்தின் ஏற்பாடு. 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் முதலில் தொடங்கிய இரண்டு கோயில்களில் ஒன்று பழனி, மற்றது உங்கள் ரங்கநாதர் கோயில். இவையெல்லாம் கோரிக்கை வைக்காமலே வந்தவை. அதே காலத்தில் கூடங்குளம் விஷயத்தில் நடந்ததையும் கவனியுங்கள். 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று அமைச்சரவை தீர்மானித்தது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை பணிகளுக்குச் சம்மதம் தந்தது. ஆறு மாதத்தில் நிலைப்பாடு மாறியது. அதனால்தான் சொல்கிறேன், யாருடைய நிலைப்பாட்டைக் குறித்து வைத்தாலும் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள்.

2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பு வந்து ஜெயலலிதா பதவி இழந்தார். 2015 பிப்ரவரி 13 அன்று இடைத்தேர்தல் நடக்கும்வரை நாலரை மாதத்துக்கு மேல் ஸ்ரீரங்கத்துக்குப் பேரவையில் குரலே இல்லை. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு என்ன ஆனது என்பது வேறு கதை. நமக்கு வேண்டியது, காலியான இருக்கையின் பாடம். பெரிய தலைவரின் தொகுதியாக இருப்பதில் பெருமையும் உண்டு, அவர் விழுந்தால் தொகுதியும் சேர்ந்து ஊமையாகும் ஆபத்தும் உண்டு.

இடைத்தேர்தலில் 96,516 வாக்கு வித்தியாசத்தில் வென்ற எஸ். வளர்மதி, 2016-இல் மீண்டும் வென்று அமைச்சரானார். இது மூன்றாவது இருக்கை. அமைச்சர் கேள்வி கேட்க மாட்டார். பதில் சொல்பவர் அவர். ஆகவே தொகுதிக்காக அவர் பேரவையில் என்ன கேட்டார் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவருடைய துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறையை வைத்திருந்தவரை விடுதி, கல்வி உதவித்தொகை போன்றவற்றில் எடைபோடுவதே முறை.

2021-இல் தி.மு.க.வின் எம். பழனியாண்டி வென்றார். ஆட்சியும் அதே கட்சியுடையது. ஆளுங்கட்சி, ஆனால் அமைச்சரில்லை. இது நான்காவது இருக்கை. பேரவையில் மிக அதிகம் பேர் அமர்வது இதில்தான், மக்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். அரசாங்கம் நம்முடையது என்பதால் வாய் திறக்கக் கூச்சம் வரும். ஆனாலும் இங்கே அமர்ந்தவர் தன் கட்சி அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். அரசை எதிர்க்காமலே தொகுதிக்குக் காரியம் சாதிக்கும் வாய்ப்பு வேறு யாரையும்விட இவருக்கு அதிகம். இந்த இருக்கையில் யார் அமர்ந்தாலும், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அவரை எடைபோடும் கல் ஒன்றுதான்: விடாமுயற்சி.

திருச்சிக்கு நடந்த இரண்டு

உறுப்பினரின் சொந்தக் குரல் கேட்டிருக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றையும், கேட்ட சந்தர்ப்பம் ஒன்றையும் சொல்கிறேன்.

2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று அறிவித்தார். அறிவிப்பில் திருச்சி, கரூர், அரியலூரும் இருந்தன. பதினோரு நாளில் மசோதா பேரவைக்கு வந்து நிறைவேறியபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் மட்டுமே அதில் இருந்தன. திருச்சி விடுபட்டது. விடுபட்ட மாவட்டங்களைச் சுட்டிக்காட்டிய எதிர்க்கட்சியான தி.மு.க. வெளிநடப்பு செய்தது.

அந்தநல்லூர்ப் பக்கம் வாழை வைப்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊர் திருச்சி. மறுபக்கம், பெல் போன்ற பெரிய ஆலையும் தொழிற்பேட்டைகளும் உள்ள மாவட்டத்தை முழுவதுமாக வேளாண் மண்டலத்துக்குள் அடைத்தால் வேலைவாய்ப்பு என்னாவது என்று கேட்பவரிடமும் நியாயம் உண்டு. இரண்டில் எந்த நிலைப்பாட்டையும் ஒரு உறுப்பினர் கௌரவமாக எடுக்கலாம். ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்து, இதைச் சேருங்கள், இதை விடுங்கள் என்றும் சொல்லலாம்; கடலூருக்கும் புதுக்கோட்டைக்கும் சட்டமே அப்படித்தான் செய்திருக்கிறது. அன்று எதிர்க்கட்சியாக இருந்து கேட்டதை ஆளுங்கட்சியான பிறகும் கேட்டார்களா, அன்று ஆளுங்கட்சியாக இருந்து விட்டுக்கொடுத்தவர்கள் எதிர்க்கட்சியான பிறகாவது கேட்டார்களா என்பதை இரு தரப்பிடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மற்றொன்று அதே ஆண்டு ஆகஸ்டில். திருச்சியைத் தலைநகராக்க வேண்டும் என்று 1983-இல் எம்.ஜி.ஆர். விரும்பியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதுரையை இரண்டாவது தலைநகராக்க வேண்டும் என்று அமைச்சர் ஆர்.பி. உதயகுமார் பேச, திருச்சி கிழக்கின் உறுப்பினரும் அமைச்சருமான வெல்லமண்டி நடராஜன், எம்.ஜி.ஆரின் விருப்பத்தை நினைவூட்டித் திருச்சிக்காகக் குரல் கொடுத்தார். அவை அமைச்சர்களின் சொந்தக் கருத்து என்று முதலமைச்சர் சொன்னதோடு விஷயம் அடங்கியது. தலைநகர் வரவில்லை. ஆனாலும் ஊருக்காக ஓர் உறுப்பினர் தன் குரலில் பேசலாம், பேசினால் பதவி போய்விடாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. எது நிலைப்பாடு, எது ஆசை என்பதைப் பிரித்துப் பார்க்கவும் அது உதவும். சட்டம், செலவு, காலக்கெடு மூன்றையும் சொல்லாத பேச்சு ஆசைதான்.

அடிமனை: என்ன கேட்க வேண்டும்?

இந்த அளவுகோலை உங்கள் தெருவுக்குக் கொண்டு வருவோம். தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர், வீடு எங்களுடையது என்கிறார். வீடு நிற்கும் மண் ரங்கநாதருடையது என்கிறது கோயில் நிர்வாகம். நடுவில் பத்திரப் பதிவு நிற்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் அடிமனைப் பிரச்சினை தீர்க்கப்படும் என்று எல்லாக் கட்சி வேட்பாளரும் சொல்கிறார்கள். அதை நிலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருக்குச் சாதகமாக, எந்தச் சட்டப்படி, எப்போது என்று சொன்னால்தான் அது நிலைப்பாடு.

மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, எந்த மனை கோயிலுடையது, எது தனியாருடையது என்பதை ஆவணங்களை வைத்து மனை மனையாகப் பிரிக்க, வருவாய்த் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து அளவெடுக்க வேண்டும் என்று பேரவையில் கேட்பீர்களா? இரண்டாவது, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, உரிய அனுமதி இல்லாமல் கோயில் சொத்தைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்குத் தருகிறது. உரிமை இன்னும் தீர்மானிக்கப்படாத மனைக்கும் அது பொருந்த வேண்டுமா, கூடாதா? மூன்றாவது, 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று காட்டி அனுமதி பெற்றால்தான் அதன் நிலத்தை விற்க முடியும். 34-ஏ பிரிவு நியாய வாடகை நிர்ணயிப்பது பற்றியது. மண் கோயிலுடையது என்றே முடிவானால், குடியிருப்பவரை நிலைநிறுத்தி நியாய வாடகை வாங்க வேண்டும் என்பீர்களா, விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பீர்களா?

கோயில் சொத்து ஒரு அடிகூடக் குறையக் கூடாது என்று ஒரு உறுப்பினர் சொன்னால் அதிலும் நேர்மை இருக்கிறது. குடியிருப்பவர் பக்கம் நிற்கிறேன் என்று சொன்னாலும் நேர்மை இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினால்தான் தெருவே நஷ்டப்படும். உங்கள் அக்கம்பக்கத்தாருக்குத் தெளிவான மறுப்புகூட ஒரு உதவிதான்; அடுத்து நீதிமன்றமா, துறையா என்று அவர்கள் முடிவெடுக்கலாம்.

மகளுக்கு ஒரு நோட்டு

பட்டியல் ஆயத்தமாகக் கிடைக்காது என்பதால், பெண்ணே ஒன்று தயாரிக்கட்டும். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். விஷயம், அவர் சொன்னது, எங்கே சொன்னார், தேதி என்று நான்கு பத்தி. கல்யாண வீட்டு மேடையில் சொன்னதற்கும் பேரவையில் சொன்னதற்கும் எடை வேறு என்பதால்தான் மூன்றாவது பத்தி.

தகவல் எங்கே கிடைக்கும்? பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகின்றன. யார் எந்த மானியத்தில் என்ன பேசினார் என்பது சொல்லுக்குச் சொல் அதில் இருக்கும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதி ஆட்சியரிடம் தரச் சொன்னார். உங்கள் தொகுதியில் முதலமைச்சர் என்ற திட்டம் அது. என்னைக் கேட்டால், ஒரு உறுப்பினரின் மனதைக் காட்ட அந்தப் பத்து வரிக்கு ஈடான ஆவணம் அண்மைக் காலத்தில் வேறில்லை. நூறில் பத்தை எடுக்கச் சொன்னபோது எதை எடுத்தார், எதை விட்டார் என்பது அதில் தெரியும்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எந்த வேலைக்கு என்று பரிந்துரைப்பவர் உறுப்பினர். பேருந்து நிழற்குடைக்கு எவ்வளவு, பள்ளிக் கழிப்பறைக்கு எவ்வளவு என்று பார்த்தால் முன்னுரிமை ரூபாய்க் கணக்கிலேயே தெரிந்துவிடும். பத்துக் கோரிக்கைப் பட்டியலும் நிதிப் பட்டியலும் கைக்கு எளிதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கடைசியாக, பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்களே மனு கொடுக்கலாம். அடிமனை பற்றித் தெருவார் சேர்ந்து ஒரு மனு கொடுத்து, அதன் நகலை உறுப்பினரிடமும் கொடுங்கள். எனக்குத் தெரியாது என்று அவர் பிறகு சொல்ல முடியாது.

ஒன்றில் நாமும் நியாயமாக இருக்க வேண்டும். தெருவிளக்கும் சாக்கடையும் மாநகராட்சி உறுப்பினரின் வேலை. 1994-இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து அதற்கென்று வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சாக்கடை அடைப்புக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றுவிட்டு, சட்டம் பற்றி ஏன் பேசவில்லை என்று அவரையே கேட்பது சரியில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளும் தொகுதி, உறுப்பினரைக் கோட்டையிலிருந்து பிடித்து இழுக்கிறது. நீங்கள் எதைக் கணக்கு வைக்கிறீர்களோ அதைத்தான் அவர் செய்வார். இத்தனை வருடமாக நீங்கள் கல்யாண வருகையைக் கணக்கு வைத்தீர்கள். அவர்களும் கல்யாணத்துக்கு வந்தார்கள். உங்கள் மகள் பேரவைக் கேள்விகளைக் கணக்கு வைத்தால், கேள்விகளும் வரும்.

அடுத்த முறை உறுப்பினரோ வேட்பாளரோ உங்கள் வீதிக்கு வரும்போது, அவர் நீட் பற்றி, காவிரி பற்றிப் பேசி முடிக்கட்டும். அதெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். பிறகு மகள் நோட்டைத் திறந்து மரியாதையாக ஒன்று கேட்கட்டும்: "ஐயா, தொகுதிக்குன்னு பத்தே பத்து கேட்கலாம்னு சொன்னா, எங்க தெரு அடிமனை அதில எத்தனையாவது?"

அவர் சொல்லும் எண்ணை எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.